பஹ்ரியாவுக்குப் பொருந்திய சுற்று

சுத்தியல் இருந்த காலத்தில் எல்லாம் இலகுவாக இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை துறைமுகத்துப் பரிசோதகர் ஒருவர் வருவார். லோஞ்ச் என்ற இயந்திரப் படகின் அடிவயிற்றைச் சின்னச் சுத்தியல் ஒன்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டுவார். 'டங்' என்று கேட்டால் இரும்பு நல்லது; 'டொக்' என்று கேட்டால் கெட்டது. டங் என்ற லோஞ்சுக்கு அன்றைக்கே சான்றிதழ். டொக் என்ற லோஞ்சின் சொந்தக்காரர் அந்த இடத்தைச் சுரண்டி, தகடு வைத்து, பெயின்ற் பூசிக்கொண்டு மறு கிழமை வருவார். இந்த முறையில் விஞ்ஞானம் துளியும் இல்லை என்பதை எண்பதாம் ஆண்டிலே அரசாங்கம் கண்டுபிடித்தது.

கண்டுபிடிக்கக் காரணம் ஒரு வெளிநாடு. தன்னிடம் ஒன்று மேலதிகமாக இருந்தபடியால் அந்த நாடு இலங்கைக்கு ஒரு யந்திரத்தை நன்கொடையாகத் தந்தது. யந்திரம் வந்ததும் அதை வைப்பதற்குக் கட்டிடம் வேண்டியிருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன களஞ்சியம் ஒன்று திருகோணமலை உள்துறைமுகத்தில் வௌவால்களுடன் இருந்தது. கட்டிடம் கிடைத்ததும் உள்ளே இருப்பதற்கு ஆட்கள் வேண்டியிருந்தது. ஆட்கள் வந்ததும் அவர்களுக்கு மேலே ஒரு பணிப்பாளர் வேண்டியிருந்தது. இவ்வாறாகக் கடற்கலத் தடங்கல் ஆய்வுச் சபை பிறந்தது. தடங்கல் என்பது மின்னியலில் ஒரு கலைச்சொல். மெதுவாகத் துடிக்கும் மின்னோட்டத்தையும் வேகமாகத் துடிக்கும் மின்னோட்டத்தையும் மாறிமாறிச் செலுத்தி, ஒரு பொருள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தடங்கல் செய்கிறது என்று அளப்பார்கள். சபையின் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் விஞ்ஞானம் அறியாதவர்கள். சபைக்கு ஒருமுறை போய் வந்தவர்கள் சிரிக்கவில்லை.

மூதூர் கலீலுர் றஹ்மான் அப்படிப் போனவர்களில் முதலாமவர். 'பஹ்ரியா' என்ற இரும்பு லோஞ்சுக்கு அவரே சொந்தக்காரர், அவரே ஓட்டி. கொட்டியாபுரக் குடாவைக் கடந்து மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையே ஆட்களையும் நெல்மூட்டைகளையும் கோழிகளையும், பெரியாஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைத்தாச்சிகளையும் ஏற்றி இறக்குவது அவருடைய தொழில். தரையால் போவதென்றால் வழியிலுள்ள ஒவ்வொரு ஆற்றுத்துறையிலும் இறங்கி, காத்து நின்று, ஏற வேண்டும். ஆகவே வாடைக்காற்று தொடங்குமுன் பஹ்ரியாவுக்குச் சான்றிதழ் எடுத்துவிட வேண்டும் என்பது அவருக்கு மட்டுமல்ல, மூதூருக்கே கவலை. சான்றிதழ் இல்லாத லோஞ்ச் ஓடக்கூடாது. லோஞ்ச் ஓடாவிட்டால் றஹ்மானுக்கு வேறு தொழில் தெரியாது.

பஹ்ரியாவின் வலது பக்கத்தில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குக் கறள், அதாவது இரும்புத் துரு, பிடித்திருந்தது. சபையின் ஜெற்றியிலே லோஞ்சைக் கட்டிவிட்டு, ஒரு கையில் சுரண்டியும் மறுகையில் சிவப்புப் பெயின்ற் தகரமுமாக றஹ்மான் குனிந்தபோது, உள்ளேயிருந்து ஒருவர் ஓடி வந்தார். அவர் சபையின் கொள்ளளவிப் பிரிவுத் தலைவர் யோகலிங்கம்.

"அந்தச் சுரண்டியைக் கீழ வையும்!"

"இந்தக் கறளைச் சுரண்டிப்போட்டு வடிவாக் காட்டலாமெண்டு சேர்..."

"சுரண்டினா அது வேற லோஞ்ச். நாங்கள் ஆராயப்போறது இந்த லோஞ்சை. இந்த நிமிசத்திலயிருந்து இது சோதனைப் பொருள். சோதினை முடியுமட்டும் சுரண்டேலாது, பெயின்ற் அடிக்கேலாது, கழுவவும் ஏலாது."

"சோதினை எப்ப முடியும் சேர்?"

"அளக்கிறது ஒரு மத்தியானத்தில முடிஞ்சிடும்" என்றார் யோகலிங்கம்.

அதில் பொய் இல்லை. லோஞ்சின் உடம்பில் ஒரு கம்பியைக் கவ்வவிட்டார்கள். இன்னொரு கம்பியைக் கடலுக்குள் இறக்கினார்கள். யந்திரம் காதடியில் சுற்றும் நுளம்புபோல முனகியது. வரைபுத்தாளில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் கவிழ்த்துவைத்த தோணிபோல ஒரு வளைவு வந்தது. பின்னேரத் தேத்தண்ணிக்கு முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது.

"லோஞ்ச் நல்லமா சேர்?" என்று கேட்டார் றஹ்மான்.

"அது எப்பிடித் தெரியும்? இப்பதானே அளந்தது" என்றார் யோகலிங்கம்.

விடயத்தை விளக்குவதற்குப் பணிப்பாளர் பாக்கியரத்தினத்திடம் றஹ்மான் அழைத்துச் செல்லப்பட்டார். பணிப்பாளர் முன்பு நெல் களஞ்சியங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். அங்கே எலிகளை ஒழித்த திறமைக்காக விஞ்ஞானத்துக்கு உயர்த்தப்பட்டவர். தனி ஒருவரோடு பேசும்போதும் பரிசளிப்பு விழாவில் பேசுவதுபோலவே பேசுவார்.

"இஞ்ச பாரும் றஹ்மான். உம்மட லோஞ்ச் கடலில நிக்குது. இரும்பு, கறள், பெயின்ற், உப்புத்தண்ணி, சிப்பி எல்லாம் சேர்ந்த பெரிய சிக்கல் அது. ஆனபடியா நாங்கள் என்ன செய்வமெண்டா, மின்சாரத்தை மறிக்கிற கொஞ்சத் தடைகளையும் அதைச் சேர்த்து வைக்கிற கொள்ளளவிகளையும் கம்பியால தொடுத்து, உம்மட லோஞ்ச் காட்டின அதே வளைவைத் தானும் காட்டுற ஒரு மின்சுற்றைத் தெரிவு செய்வம். அதுக்குப் பேர் சமானச் சுற்று. அது கிடைச்சிட்டுதெண்டா, பிறகு லோஞ்சைப் பார்க்கத் தேவையே இல்லை. சுற்றைப் பார்த்தாப் போதும்."

"லோஞ்சையே ஒருக்காப் பார்த்தா என்ன சேர்? யன்னலால தெரியுது."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பணிப்பாளர் சிரிக்கவில்லை, அவர் பெருந்தன்மையானவர்.

"பார்த்தா ஆளுக்கொரு அபிப்பிராயம் வரும். சுற்றெண்டா ஏகமனதா வரும்" என்றார்.

சுற்றைத் தெரிவு செய்யும் கூட்டம் அடுத்த திங்கட்கிழமை கூடியது. கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். உள்ளே காற்று வராது. வெளியே ஒரு கதிரையில் றஹ்மான் இருந்தார். அவருக்குப் பக்கத்து மேசையில் சபையின் தட்டெழுத்தாளர் பத்மாசனி இருந்தாள். லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவள். உள்ளே பேசுவதைத் தட்டிக்கொண்டே றஹ்மானுக்கு மொழிபெயர்ப்பதும் தன் வேலை என்று எடுத்துக்கொண்டாள்.

முதலில் யோகலிங்கம் புத்தகத்தில் உள்ளபடி ஒரு சுற்றைப் பலகையில் வரைந்தார். கடல் தண்ணீருக்கு ஒரு தடை. கறளுக்கு ஒரு தடை. பெயின்ற் பூச்சுக்கு ஒரு கொள்ளளவி. பார்ப்பதற்குச் சின்னப்பிள்ளை கீறிய வீடுபோல இருந்தது. அது காட்டிய வளைவும் லோஞ்சின் வளைவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

அப்பொழுது தடைப் பிரிவுத் தலைவர் சிவகுரு எழும்பினார். அவர் தொழிற்சங்கச் செயலாளரும்கூட.

"தலைவர் அவர்களே, இதில ஒரு அநியாயம் நடக்குது. தடை என்ன செய்யுது? வாற மின்சாரத்தைத் தன்ர உடம்பில தாங்கி, சூடாகி, வேகுது. கொள்ளளவி என்ன செய்யுது? வாங்கி வைச்சிருந்துபோட்டு அப்பிடியே திருப்பிக் குடுக்குது. ஒரு வேலையும் இல்லை. ஆனா சம்பளத் திட்டத்தில கொள்ளளவிப் பிரிவு முதலாந் தரம், தடைப் பிரிவு ரெண்டாந் தரம். எங்களுக்கு இன்னொரு தடை போட்டுத் தரவேணும்."

"அங்க ரெண்டு தடை இருக்குத்தானே?" என்றார் யோகலிங்கம்.

"ஒண்டு கடல் தண்ணிக்கு. கடல் எங்கட சங்கத்தில அங்கத்தவர் இல்லை."

"என்னவாம் பிள்ள?" என்று றஹ்மான் கேட்டார்.

"உங்கட லோஞ்சுக்குப் பதவி உயர்வு கதைக்கினம் காக்கா" என்றாள் பத்மாசனி, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையிலே.

பணிப்பாளர் ஒரு தடையைக் கூட்டினார். தடை கூடியதால் சமநிலைக்காக ஒரு கொள்ளளவியையும் கூட்டினார். உறுப்புகள் கூடியதும் சுற்றின் வளைவு லோஞ்சின் வளைவோடு முன்னைவிட நெருக்கமாகப் பொருந்தியது. இதைக் கண்டு சபை புல்லரித்தது. உறுப்பைக் கூட்டக் கூட்டப் பிழை குறைகிறது! இதுவரை அரசாங்க சேவையில் ஆட்களைக் கூட்டியதால் பிழை குறைந்ததாக வரலாறு இல்லை. பணிப்பாளர் எழுந்து நின்றார்.

"கனவான்களே, இண்டைக்கு விஞ்ஞானம் எங்களுக்கு ஒரு உண்மையைக் காட்டியிருக்கு. ஆட்குறைப்பு வேணுமெண்டு கொழும்பில கத்துறவை இந்த வரைபைப் பார்க்கவேணும். ஒருத்தரும் விடுபடக்கூடாது. பிரிவுக்கொரு உறுப்பு!"

அதன் பிறகு சபை கிழமைக்கு ஒருமுறை கூடியது. நிருவாகப் பிரிவுக்கு ஒரு கொள்ளளவி கொடுக்கப்பட்டது. சாரதிகள், தங்களுக்கும் ஒன்று தராவிட்டால் ஜீப் ஓடாது என்று அறிவித்து, ஒரு தூண்டிச் சுருள் பெற்றார்கள். ஒருநாள் யோகலிங்கம் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். அவரும் ஒரு காலத்தில் படித்தவர்தான்.

"எல்லாஞ் சரி சேர், இந்த மூண்டாவது கொள்ளளவி லோஞ்சில எதைக் குறிக்குது?"

"நிருவாகப் பிரிவை" என்றார் பணிப்பாளர்.

கேள்வி குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

கடைசியாக, ஒரு பிரமுகரின் மருமகன் கடிதத்தோடு வந்து சபையில் சேர்ந்தார். அவருக்கு எந்தப் பிரிவும் இல்லை. அவருக்குப் பொருத்தமான உறுப்பு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கிடைத்தது. அது தடையும் அல்ல, கொள்ளளவியும் அல்ல, இரண்டுக்கும் இடையில் ஏதோ ஒன்று. உள்ளே என்ன நடக்கிறது என்று உலகத்தில் எவருக்கும் திட்டமாகத் தெரியாது. ஆனால் அதைச் செருகிவிட்டால் எந்த வளைவும் எதனோடும் பொருந்தும். மருமகன் தன் உறுப்பை வரைபில் கண்டு மகிழ்ந்து, அன்றைக்கே லீவில் போனார்.

வெள்ளிக்கிழமைகளில் றஹ்மான் பஸ்ஸும் ஆற்றுத்துறையுமாக மூதூருக்குப் போய் வருவார். வழிநெடுக, 'நானா' என்று அண்ணன் முறை வைத்து, ஊர்க்காரரின் ஒரே கேள்வி. "என்ன நானா, லோஞ்ச் இன்னும் ஆசுபத்திரியிலயா? வாட்டில போட்டிருக்காங்களா, தியேட்டருக்குக் கொண்டு போயிற்றாங்களா?" வீட்டில் அவருடைய மனைவி றுக்கியா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே இருந்தாள்.

"இப்ப என்னதான் செய்றாங்களாம்?"

"பஹ்ரியாவைப்போல ஒண்டு தேடுறாங்க."

"அது ஓடுமா?"

"ஓடாது. கடதாசியில இரிக்கும்."

"அப்ப நம்மட லோஞ்ச்?"

"அதைத் தொடக்கூடாதாம்."

றுக்கியா சோற்றுச் சட்டியை மூடினாள். "நோயெண்டு ஒரு மனிசன் டொக்டரிட்டப் போக, டொக்டர் இவனைப்போல இன்னொருத்தனைத் தேடிப் போனாரெண்டா, அவரு திரும்பி வாறத்துக்குள்ள இவன் மையத்தாகிருவான். போய்க் கேளுங்க, வாய் இல்லையா உங்களுக்கு?"

றஹ்மான் போய்க் கேட்டார். கேட்பதற்கு நிறைய இருந்தது. உள்ளங்கை அகலமாக இருந்த கறள் இப்போது சோற்றுத் தட்டு அகலத்துக்கு வந்திருந்தது. விரலால் அழுத்தினால் இரும்பு பிஸ்கற்போல உதிர்ந்தது. நல்ல வேளையாக அன்றுதான் சுற்று ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டிருந்தது. ஒரு தாளில் அடங்காமல், பல தாள்களைப் பசையால் ஒட்டி, பணிப்பாளரின் அறைச் சுவரை முழுக்க மறைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். லோஞ்சுக்கும் சுற்றுக்கும் இடையே பிழை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரேயொரு சடங்குதான் பாக்கி: லோஞ்சை இன்னொருமுறை அளந்து சரிபார்ப்பது.

அளந்தார்கள். புதிய வளைவு கவிழ்ந்த தோணிபோல இல்லை. மிதித்த தகரம்போல இருந்தது. சுற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"ஆர் சுரண்டினது?" என்றார் பணிப்பாளர்.

"ஒருத்தரும் சுரண்டல்ல சேர். அதாலதான் கறள் கூடிட்டுது" என்றார் றஹ்மான்.

"கறள் கூடேலாது. நாங்கள் தெரிவு செய்த சுற்றில கறள் கூடுறதுக்கு இடம் வைக்கேல்லை."

"லோஞ்சில இடம் இருந்திருக்குப்போல சேர்."

"றஹ்மான், இது பகிடிக்கதை இல்லை. சுற்றைச் சபை ஏகமனதாத் தெரிவு செய்தது. அதில பிழை இருக்க ஏலாது. ஆனபடியா பிழை விட்டது லோஞ்ச். ஏன் விலகி நடந்ததெண்டு லோஞ்ச் விளக்கம் தரவேணும். லோஞ்சால ஏலாட்டி நீர் தாரும்."

றஹ்மான் ஜெற்றிக்குப் போய் பஹ்ரியாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். விளக்கம் ஏதும் கிடைக்கவில்லை. வாடைக்காற்றின் முதல் வீச்சு அன்று பின்னேரம் வந்தது. அலை ஜெற்றியில் மோதும்போதெல்லாம் கறளின் நடுவிலிருந்து தண்ணீர் லோஞ்சுக்குள் கசிந்தது. மறுநாள் உள்ளே கணுக்காலளவு தண்ணீர் நின்றது. அவர் சபைக்கு ஓடினார்.

"சேர், உள்ள வாற தண்ணியை இறைக்க மட்டுமாவது விடுங்க. லோஞ்சைத் தொடமாட்டன். தண்ணியைத்தான் தொடுவன்."

இது சிக்கலான கேள்வி என்பதைச் சபை உடனே உணர்ந்தது. லோஞ்சுக்குள் இருக்கும் தண்ணீர் கடலா, சோதனைப் பொருளா? கடல் என்றால் இறைக்கலாம். சோதனைப் பொருள் என்றால் ஒரு வாளிகூட எடுக்க ஏலாது. சிவகுரு கடல் என்றார். யோகலிங்கம் சோதனைப் பொருள் என்றார். வாங்கி வைத்திருக்கிறபடியால் லோஞ்ச் இப்போது கொள்ளளவி ஆகிவிட்டது, ஆகவே அது தன் பிரிவுக்குள் வருகிறது என்பது அவருடைய வாதம். உபகுழு ஒன்று நியமிக்கப்பட்டது. உபகுழுவின் தலைவராக மருமகன் தெரிவானார். அவர் லீவில் இருந்தார்.

அவர் திரும்பி வருவதற்கு முன், ஒரு காலையில், எல்லோரும் பார்த்திருக்க, பஹ்ரியா சத்தம் ஒன்றும் போடாமல் அமர்ந்தது. ஜெற்றியடியில் ஆழம் குறைவு. அடி மணலில் இருக்க, கூரை மட்டும் தண்ணீர் மட்டத்தில் தெரிந்தது. அலை வரும்போது மறையும், போகும்போது தெரியும். றஹ்மான் ஜெற்றியில் குந்தினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பத்மாசனி தேத்தண்ணி கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். இருபது வருடமாக அவர் பிடித்த சுக்கான் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் இருந்தது.

அந்த வேளையில்தான் யோகலிங்கம் வரைபுத்தாளும் கையுமாக ஓடி வந்தார். கம்பிகள் இன்னும் லோஞ்சிலேயே இருந்தன, யாரும் கழற்றவில்லை. யந்திரம் இன்னும் அளந்துகொண்டிருந்தது.

"சேர்! வளைவே இல்லை! எல்லாப் புள்ளியும் ஒரே இடத்தில விழுது!"

பணிப்பாளர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கடல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. மெதுவான துடிப்பென்ன, வேகமான துடிப்பென்ன, மின்சாரம் ஒரு கம்பியிலிருந்து மற்றக் கம்பிக்கு நேரே உப்புத்தண்ணீரால் போய்விட்டது. இரும்பும் கறளும் பெயின்றும் அதற்கு இனித் தேவையில்லை.

"ஒரேயொரு தடை. ஒரே ஒரு தடை போதும்! கனவான்களே, இவ்வளவு காலமும் எங்களுக்கு இடைஞ்சலா இருந்தது லோஞ்ச் மிதந்ததுதான்" என்றார் பணிப்பாளர்.

பிழை பூச்சியம். சிவகுரு தடைப் பிரிவின் வெற்றி என்று கோஷம் போட்டார். மற்றப் பிரிவுகள் தங்கள் உறுப்புகள் நீக்கப்படுமோ என்று கலங்கின. பணிப்பாளர் அதற்கும் வழி கண்டார்: எல்லா உறுப்புகளும் சுற்றில் தொடர்ந்து இருக்கும், பெறுமதி பூச்சியமாக. பெறுமதிதான் பூச்சியம், பதவி நிரந்தரம். ஏகமனதாக நிறைவேறியது. மத்தியானத்துக்கு முன் சான்றிதழ் தட்டெழுத்தில் ஏறியது: 'பஹ்ரியா என்னும் கலம் தெரிவுசெய்யப்பட்ட சுற்றுக்குப் பூரணமாகப் பொருந்துகிறது. அறுபது பயணிகளை ஏற்றத் தகுதியுடையது.' அறுபது என்பது பழைய சான்றிதழில் இருந்தது.

பணிப்பாளர் கையெழுத்திட்டுப் பேனையை மூடியபோது பத்மாசனி தொண்டையைச் செருமினாள்.

"சேர், சபைச் சட்டத்தில பன்னிரண்டாம் பிரிவு இருக்கு. சான்றிதழ் குடுத்த அதிகாரிகள் எல்லாரும் அந்தக் கலத்தில முதல் பயணம் போகவேணும். மக்களுக்கு நம்பிக்கை வாறதுக்கு."

"அந்தப் பிரிவை ஆர் எழுதினது?"

"நீங்கள்தான் சேர்."

போகாமல் விட்டால் தன் கையெழுத்தைத் தானே நம்பவில்லை என்று ஆகிவிடும். பணிப்பாளர் நெடுநேரம் யோசித்தார். பிறகு நாள் குறித்தார். திரும்பி வரும்போது தரையால் வருவதற்காக ஜீப்பை விடியற்காலையிலேயே மூதூருக்கு அனுப்பச் சொன்னார்.

குறித்த நாளில், பஹ்ரியாவின் கூரையில் அலுவலகக் கதிரைகள் வரிசையாக வைக்கப்பட்டன. அதிகாரிகள் கழுசானை முழங்காலுக்கு மேல் மடித்து, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கழுத்துப்பட்டியோடு போய் அமர்ந்தார்கள். அலை கணுக்காலில் தழுவிப் போயிற்று. றஹ்மானை முன்னால் நிற்கச் சொன்னார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவர், வழக்கப்படி, "மூதூர்! மூதூர்! மூதூர்!" என்று கூப்பிட்டார். பேச்சுக்காரி என்று மூதூரில் பெயரெடுத்த நபீஸா, தயிர்ச் சட்டிகள் விற்றுவிட்டு ஊருக்குத் திரும்ப வழி பார்த்து நின்றவள், ஓடி வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"போய்ச் சேர்ந்து கடிதம் போடுங்கோ சேர்" என்று ஜெற்றியில் நின்ற பத்மாசனி கையை அசைத்தாள்.

பயணம் ஆரம்பித்தது. ஒன்றும் அசையவில்லை.

"கடல் இண்டைக்கு அமைதி" என்றார் பணிப்பாளர்.

"நல்ல ஓட்டம்" என்றார் சிவகுரு.

கொஞ்ச நேரத்தில், லீவு முடிந்து திரும்பியிருந்த மருமகனுக்குத் தலை சுற்றியது. அவர் குனிந்து கடலுக்குள் சத்தி எடுத்தார். இது பயணத்தின் மீது மற்றவர்களுக்கு இருந்த நம்பிக்கையைக் கூட்டியது.

"றஹ்மான், துறைமுகத்து மலை ஏன் இன்னும் அதே இடத்தில தெரியுது?" என்று பணிப்பாளர் கேட்டார்.

"மலை பெரிசு சேர். எங்கயிருந்து பார்த்தாலும் தெரியும்."

வெயில் ஏறியது. கதிரைக்கால்கள் வழுக்கின. யாரும் எழும்பவில்லை, முதலில் எழும்புகிறவர் சுற்றை மறுத்தவர் ஆவார். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் எல்லோரும் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் போகப் போக, இவர்கள் இறங்கவே மாட்டார்கள், செத்து மையத்தாகும் வரைக்கும் தன் லோஞ்சின் மேலே இப்படியே இருப்பார்கள் என்று றஹ்மானுக்குப் பயம் பிடித்தது. லுஹர் என்னும் மத்தியானத் தொழுகைக்கும் நேரமாகிவிட்டது. அவர் திரும்பி, இருபது வருடமாகச் சொல்லிப் பழகிய குரலில் சொன்னார்:

"மூதூர் வந்திட்டுது. இறங்குங்க. பார்த்து, பார்த்து. சாமான்களை விட்டிராதீங்க."

எல்லோரும் ஒரே பாய்ச்சலில் எழும்பி ஜெற்றியில் இறங்கினார்கள். பணிப்பாளர் கழுசானை இறக்கிவிட்டு, அங்கே நின்ற பத்மாசனியையும் நபீஸாவையும் இரண்டு மூட்டை தூக்குகிறவர்களையும் நோக்கிக் கைகூப்பினார்.

"மூதூர் வாழ் பெருமக்களே! உங்கட ஊருக்கு விஞ்ஞானம் இண்டைக்குக் கடல் மார்க்கமா வந்து சேர்ந்திருக்கு..."

"இது மூதூரா? அப்ப மகள்ற ஊட்டுக்கு நடந்தே போயிருவன்" என்றாள் நபீஸா.

பேச்சு முடிந்ததும் இன்னொரு சங்கடம் எழுந்தது. ஜீப் மூதூரில் இருந்தது. கூப்பிடு தூரத்தில் அலுவலகக் கதவு திறந்துதான் கிடந்தது; உள்ளே மின்விசிறி சுற்றுவதும் தெரிந்தது. ஆனால் மூதூரிலிருந்து அலுவலகத்துக்கு நடந்து போவது சாத்தியமல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அதிகாரிகள் ஜெற்றியில், வெயிலில், ஜீப்புக்காகக் காத்திருந்தார்கள். மூதூர் இறங்குதுறையில் அவர்களைத் தேடிக் களைத்த சாரதி, ஆறு ஆறாகக் கடந்து, பொழுதுபட்ட பிறகுதான் வந்து ஏற்றினார்.

அன்று இரவு றஹ்மானுக்கு நித்திரை வரவில்லை. காலையில் அவர் பணிப்பாளரின் அறைக்குப் போனார். பணிப்பாளரின் மூக்கு வெயிலில் தோலுரிந்திருந்தது.

"சேர், ஜெற்றியடியில ஒரு இரும்பு கிடக்கு."

பணிப்பாளர் யன்னலால் பார்த்தார். அலை போக, கூரை தெரிந்தது. அலை வர, மறைந்தது. அவர் றஹ்மானைப் பார்த்தார். றஹ்மான் நிலத்தைப் பார்த்தார்.

"அது பஹ்ரியா இல்லை" என்றார் பணிப்பாளர் மெதுவாக. "பஹ்ரியாவில நான் நேற்று மூதூர் போய் இறங்கினனான்."

"ஓம் சேர். நானும் வந்தனான்."

"பஹ்ரியா இப்ப மூதூரில நிக்குது."

"ஓம் சேர். அங்கதான் நிக்கவேணும்."

"அப்ப இது என்ன?"

"தெரியாது சேர். ஆருடையதோ பழைய இரும்பு."

"சோதனைப் பொருளோ?"

"இல்லை சேர். சோதினை முடிஞ்சுது."

பணிப்பாளரின் முகம் தெளிந்தது, உடனே கடுமையானது. "அப்ப ஏன் இன்னும் கிடக்கு? இது சபையின்ர ஜெற்றி, குப்பை மேடு இல்லை! கிண்ணியாவிலயிருந்து அடுத்த லோஞ்ச் சோதினைக்கு வருது. இண்டைக்கே தூக்கும்! சுரண்டுவீரோ, உடைப்பீரோ, உம்மட பாடு. இஞ்ச கிடக்கக்கூடாது!"

"ஓம் சேர்" என்றார் றஹ்மான். சபைக்கு வந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு சந்தோசமாக ஒரு கட்டளையை ஏற்றதில்லை.

பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து மீன்பிடிகாரர் வந்தார்கள். வெறும் பீப்பாக்களைக் கட்டித் தாழ்த்தி, கயிறு போட்டு, ஏலேலோ பாடி இழுத்து, பழைய இரும்பை மேலே கொண்டு வந்தார்கள். அதைத் தோணிகளால் இழுத்து மூதூர்க் கரையில் ஏற்றியபோது றுக்கியா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு தானும் ஒரு சுரண்டியோடு இறங்கினாள். கறள் முழுக்கப் போய், தகடு வைத்து, சிவப்புப் பெயின்ற் இரண்டு பூச்சுக் காய்ந்து, எஞ்சின் கழுவி எண்ணெய் விட்டு, வாடையின் நடுவில் காற்று ஓய்ந்திருந்த ஒரு நாளில் பஹ்ரியா தண்ணீரில் இறங்கி, திருகோணமலைக்கு வந்து நின்றது. பூரணமாகப் பொருந்துகிறது என்று எழுதிய சான்றிதழ் சுக்கானுக்கு மேலே கண்ணாடி போட்டுத் தொங்கியது.

முதல் ஆளாக நபீஸா சட்டிகளோடு வந்தாள். ஏறவில்லை. லோஞ்சை மேலும் கீழும் பார்த்தாள்.

"நானா, இது எங்க போகுது?"

"மூதூருக்கு."

"சபைக்காரங்க போன மூதூருக்கா, நம்மட மூதூருக்கா?"

"நம்மட மூதூருக்குத்தான் புள்ள" என்று றஹ்மான் எஞ்சினைப் போட்டார். "ஏறு, ஆடும். பிடிச்சுக்கொண்டு ஏறு."